மகனுக்காகச் சக்கரத்தில் காற்றடைத்த கால்நடை மருத்துவர்

டன்லப் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் மிகக் குறைவு. டயர் கடையின் விளம்பரப் பலகையில் அதைப் பார்த்திருப்போம். டென்னிஸ் பந்திலும் மெத்தையிலும்கூடப் பார்த்திருப்போம். அது ஒரு மனிதரின் பெயர் என்பது சிலருக்குத் தெரியும். அந்த மனிதர் பொறியியலாளரும் அல்லர், டயர் வியாபாரியும் அல்லர். குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்த ஒரு கால்நடை மருத்துவர் என்பது பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் ஜான் பாய்ட் டன்லப். ஓய்வில்லாத மருத்துவத் தொழிலுக்கும் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கும் நடுவில் நின்ற ஒரு தந்தை அவர். மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அவர் செய்த ஒரு வேலை உலகத்தின் போக்குவரத்தையே மாற்றியது. அந்த மாற்றம் கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தது. நம் ஜொகூர் மண்ணில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றதற்கும், நம் தாத்தா பாட்டிமார் அந்த மரங்களைச் சீவியதற்கும் பின்னால் அந்தச் சக்கரம் இருக்கிறது. ஆகவே டன்லப்பின் கதை எங்கோ தூரத்தில் நடந்த கதை அன்று. கூலாயில் பிறந்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

பண்ணை வீட்டுப் பிள்ளை

1840 பிப்ரவரி 5ஆம் நாள், ஸ்காட்லாந்தின் ஏர்ஷையர் வட்டாரத்தில் டிரெக்ஹார்ன் என்ற ஊரில் ஒரு பண்ணையில் டன்லப் பிறந்தார். அவர் இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்துவிட்ட குழந்தை என்று பெற்றோர் சொல்லி வளர்த்தார்கள். அதனால் தமக்கு உடல் பலம் குறைவு என்ற எண்ணம் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் உடம்பை மிகுந்த எச்சரிக்கையோடு பார்த்துக்கொண்டார். உண்மையில் பெரிய நோய் எதுவும் அவரை அண்டவில்லை. 81 வயது வரை வாழ்ந்தார்.

மாடும் குதிரையும் சூழ வளர்ந்த பிள்ளை எடின்பரோவில் உள்ள டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது வியப்பன்று. 19 வயதிலேயே தேர்ச்சி பெற்று மருத்துவரானார். இன்று நம் நாட்டில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் இதே படிப்பை முடிக்க ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலத்தில் படிப்பு குறுகியது; மீதியைத் தொழிலே கற்றுக்கொடுத்தது.

சில ஆண்டுகள் சொந்த நாட்டில் தொழில் செய்தபின், 1867இல் அயர்லாந்தின் டவுன்பேட்ரிக் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே தம் சகோதரர் ஜேம்ஸுடன் சேர்ந்து கால்நடை மருத்துவமனை நடத்தினார். பிறகு பெல்ஃபாஸ்ட் நகரின் மே தெருவில் இடம் எடுத்துத் தொழிலை விரிவாக்கினார். மார்கரெட் ஸ்டீவன்சன் என்பவரை மணந்தார். ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தார்கள். மகள் பெயர் ஜீன். மகனுக்கும் ஜான் என்றே பெயர், வீட்டில் ஜானி.

குதிரை நின்றால் ஊரே நிற்கும்

1880களின் நடுப்பகுதியில் மே தெரு மருத்துவமனை அயர்லாந்திலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்திருந்தது. குதிரைகளுக்கு லாடம் அடிப்பதற்கு மட்டும் பன்னிரண்டு பேர் அங்கே வேலை பார்த்தார்கள். இந்த எண்ணிக்கை ஒன்றே போதும், அவருடைய நாள்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று ஊகிக்க.

அன்றைய பெல்ஃபாஸ்ட், துணி ஆலைகளும் கப்பல் பட்டறைகளும் நிறைந்த நகரம். சரக்கு வண்டியை இழுத்தது குதிரை. 1872 முதல் தெருவில் ஓடிய டிராம் வண்டியை இழுத்ததும் குதிரைதான். இன்று ஒரு லோரி பழுதானால் வேறொரு லோரியை அனுப்பலாம். அன்று ஒரு குதிரைக்குக் கால் நொண்டினால், அதன் உரிமையாளருக்கு அன்றைய வருமானமே நின்றுவிடும். அதனால் மருத்துவரைத் தேடி வருபவர் பொறுமையோடு வரமாட்டார், அவசரத்தோடுதான் வருவார்.

கால்நடை மருத்துவம் இன்றும் நேரம் பார்க்காத தொழில். குதிரைக்கு வயிற்றுவலி கண்டால் விடியும் வரை காத்திருக்க முடியாது. பசு கன்று ஈன முடியாமல் தவிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை என்று சொல்ல முடியாது. கருவில் கன்று திரும்பிக் கிடந்தால், தோள் வரை கையை உள்ளே விட்டுச் சரிசெய்ய வேண்டும். உதை வாங்க வேண்டிவரும். வீட்டுக்குத் திரும்பும்போது ஆடையில் சாணமும் இரத்தமும் இருக்கும். பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்ள நினைத்தாலும் முதலில் குளித்தாக வேண்டும்.

இந்தத் தொழிலில் இன்னொரு பாரமும் உண்டு. நோயாளி வாய் திறந்து சொல்லாது. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்று கேட்டால் பதில் வராது. நடையைப் பார்க்க வேண்டும். காதின் அசைவைப் பார்க்க வேண்டும். எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறது என்று கவனிக்க வேண்டும். நல்ல கால்நடை மருத்துவர் என்பவர் முதலில் நன்றாகக் கவனிப்பவர். டன்லப்பின் பிற்கால வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டு முற்றத்தில் ஒரு சோதனை

ஜானிக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது ஒரு மூன்று சக்கர மிதிவண்டி இருந்தது. அன்றைய மிதிவண்டிகளின் சக்கரங்களில் கெட்டியான ரப்பர் பட்டைதான் இருக்கும். சில வண்டிகளில் வெறும் உலோகமே. பெல்ஃபாஸ்ட் தெருக்கள் கருங்கல் பாவியவை. இடையிடையே டிராம் தண்டவாளம் வேறு. அந்தத் தெருவில் அந்த வண்டியை ஓட்டினால், ஒவ்வொரு கல்லின் அதிர்ச்சியும் நேராக முதுகெலும்புக்கு ஏறும். ஜானி தந்தையிடம் முறையிட்டான்.

வேலைப்பளு மிகுந்த ஒரு தந்தைக்கு இங்கே பல வழிகள் இருந்தன. சிறுபிள்ளைகள் எல்லாவற்றுக்கும் குறை சொல்வார்கள் என்று விட்டிருக்கலாம். பெரியவனானால் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லியிருக்கலாம். இருக்கைக்கு அடியில் ஒரு மெத்தை வைத்துத் தந்திருக்கலாம். டன்லப் அப்படிச் செய்யவில்லை. நொண்டும் குதிரையைப் பார்ப்பதுபோல் அந்த வண்டியைப் பார்த்தார். வலி இருக்கையில் தொடங்கவில்லை, சக்கரம் கல்லைத் தொடும் இடத்தில் தொடங்குகிறது என்று கண்டார். வண்டிகளின் அதிர்வைக் குறைப்பது எப்படி என்ற கேள்வி நெடுநாளாகவே அவர் மனத்தில் இருந்தது. ரப்பரைக் கையாள்வதிலும் அவருக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்தது.

1887 அக்டோபரில் அவர் ஒரு மரத்தட்டை எடுத்தார். மெல்லிய ரப்பர் தகட்டைக் குழாய்போல் ஒட்டி அந்தத் தட்டின் விளிம்பைச் சுற்றிப் பொருத்தினார். அதன்மேல் துணியைச் சுற்றிக் கட்டினார். பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் குழாயில் காற்றை நிரப்பினார். பிறகு ஜானியின் வண்டியிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி, இரண்டையும் முற்றத்தில் உருட்டிவிட்டார்.

மகனின் பழைய சக்கரம் சிறிது தூரம் உருண்டு சாய்ந்து விழுந்தது. காற்றடைத்த சக்கரமோ முற்றத்தின் மறுகோடி வரை ஓடி, வாயில் தூணில் மோதித் துள்ளித் திரும்பியது. ஒரு தந்தை மகனின் வசதிக்காகத் தேடியது மெத்தென்ற பயணத்தை. கிடைத்தது அதைவிடப் பெரியது. காற்றடைத்த சக்கரம் அதிர்வை மட்டும் குறைக்கவில்லை, வேகத்தையும் கூட்டியது.

இதில் உள்ள அறிவியல் எளிமையானது. கெட்டிச் சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறும்போது வண்டி முழுவதையும் சேர்த்துத் தூக்குகிறது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் முன்னே செல்ல வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி வீணாகிறது. காற்றடைத்த சக்கரத்தில், கல் படும் இடம் மட்டும் உள்வாங்குகிறது. வண்டி ஏறக்குறைய அதே மட்டத்தில் முன்னே செல்கிறது. கல்லைக் கடந்ததும் உள்ளே அமுங்கிய காற்று மீண்டும் விரிந்து, சக்கரத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறது.

பின்னர் மூன்று சக்கர வண்டியின் இரண்டு பின்சக்கரங்களிலும் காற்றடைத்த டயரைப் பொருத்தினார். 1888 பிப்ரவரி 28ஆம் நாள் இரவு ஜானி அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தான். பகலில் நேரம் கிடைக்காத மருத்துவர்களுக்குப் பிள்ளையோடு செலவிட இரவுதானே மிச்சம்! உலகின் முதல் பயனுள்ள காற்று டயரை ஓட்டிப் பார்த்தது ஒரு பந்தய வீரர் அல்லர், தூங்கப் போக வேண்டிய நேரத்தில் தெருவில் இறங்கிய ஒரு சிறுவன்.

சிரித்தவர்கள் தோற்றார்கள்

டன்லப் அடுத்து இரண்டு சக்கர மிதிவண்டிகளுக்கும் டயர் செய்து பார்த்தார். 1888 டிசம்பர் 7ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. பெல்ஃபாஸ்டில் மிதிவண்டிக் குழு ஒன்றின் தலைவராக இருந்த வில்லி ஹியூம் என்ற இளைஞர் காற்று டயர் பூட்டிய மிதிவண்டியை வாங்கினார். 1889 மே 18ஆம் நாள், குயின்ஸ் கல்லூரி விளையாட்டுப் போட்டியில் அந்த வண்டியோடு களம் இறங்கினார். தடித்த டயரைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. நடந்த நான்கு மிதிவண்டிப் பந்தயங்களிலும் ஹியூமே வென்றார். அடுத்து லிவர்பூலுக்குச் சென்று ஒன்றைத் தவிர மற்ற எல்லாப் பந்தயங்களையும் வென்றார்.

தோற்றவர்களில் ஹார்வி டு குரோஸ் என்ற டப்ளின் வணிகரின் மகன்களும் இருந்தார்கள். மகன்களின் தோல்வியில் தந்தை ஒரு வணிக வாய்ப்பைக் கண்டார். ஒரு தந்தை மகனின் முறையீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தார். இன்னொரு தந்தை மகன்களின் தோல்வியைப் பார்த்து முதலீடு செய்தார். இருவரும் சேர்ந்து டப்ளினில் நிறுவனம் தொடங்கினார்கள். டன்லப் தம் காப்புரிமையை அந்த நிறுவனத்துக்குக் கொடுத்து, பதிலுக்குப் பங்குகள் பெற்றார்.

பெயர் மட்டும் மிஞ்சியது

இரண்டு ஆண்டுகளில் பேரிடி ஒன்று விழுந்தது. காற்று டயரை முதலில் கண்டுபிடித்தவர் டன்லப் அல்லர் என்று தெரியவந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1840களிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இலண்டன் பூங்காவில் குதிரை வண்டியில் பொருத்தி ஓட்டியும் காட்டியிருந்தார். அப்போது மிதிவண்டி பரவவில்லை. ரப்பரும் விலை உயர்ந்த பொருள். அதனால் உலகம் அவரை மறந்துவிட்டது. டன்லப்புக்கும் அவரைப் பற்றித் தெரியாது. ஆனால் சட்டத்துக்கு அது பொருட்டன்று. டன்லப்பின் காப்புரிமை செல்லாததாயிற்று.

நிறுவனம் பிழைத்தது வேறு வழியில். டயரைச் சக்கர விளிம்போடு பிடித்து வைக்கும் முறை, காற்று வெளியேறாமல் காக்கும் வால்வு போன்ற மற்றவர்களின் காப்புரிமைகளை அது வாங்கிக்கொண்டது. ஒரு கண்டுபிடிப்பு ஒருவரால் முடிவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. தாம்சன் தொடங்கினார், டன்லப் நடைமுறைக்குக் கொண்டுவந்தார், வெல்ச்சும் பார்ட்லெட்டும் உட்ஸும் செம்மைப்படுத்தினார்கள். 1891இல் பிரான்சில் மிச்சலின் சகோதரர்கள் எளிதில் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள்.

டயர் தொழில் பெருகிய அதே காலத்தில் டன்லப் கால்நடை மருத்துவத்தைக் கைவிட்டு டப்ளினுக்குக் குடிபெயர்ந்தார். 1895இல் நிறுவனத்திலிருந்தும் விலகினார். மறு ஆண்டே அந்த நிறுவனம் 30 லட்சம் பவுனுக்குக் கைமாறியது. வாங்கியவர் அதை 50 லட்சம் பவுனுக்குப் பொதுமக்களிடம் விற்றார். அந்தப் பெருஞ்செல்வம் டன்லப்பின் வீட்டுக்கு வரவில்லை.

வந்தது வேறொன்று. நிறுவனம் அவர் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது. வெண்தாடி வைத்த அந்த அமைதியான மனிதரைப் பகட்டாக உடுத்திய மிடுக்கர்போல வரைந்து சுவரொட்டி ஒட்டினார்கள். தம்மைக் கேலிப்பொருளாக்குகிறார்கள் என்று அவர் நீதிமன்றம் சென்றார். அந்த வழக்கு பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை வரை போனது. தம் பெயர் தாங்கிய நிறுவனத்துக்கு எதிராகவே தம் பெயரைக் காக்க வழக்காட வேண்டிய நிலை ஒரு முதியவருக்கு வந்தது. 1921 அக்டோபர் 23ஆம் நாள், டப்ளினில் தம் இல்லத்தில் டன்லப் காலமானார். காற்று டயரின் வரலாற்றை அவர் எழுதி வைத்திருந்தார். அவர் மறைவுக்குப்பின் மகள் ஜீன் அதை நூலாக வெளியிட்டார்.

அந்தச் சக்கரம் மலாயாவுக்கு வந்தது

இனிமேல் சொல்லப்போவது நம் கதை.

டன்லப்புக்குக் காப்புரிமை கிடைத்த அதே 1888ஆம் ஆண்டில், ஹென்றி ரிட்லி என்ற தாவரவியலாளர் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்து சேர்ந்தார். ரப்பர் மரங்கள் அதற்கு 11 ஆண்டுகள் முன்பே அங்கே வந்துவிட்டன. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டனுக்கு எடுத்துச் செல்லப்பட்ட சுமார் 70,000 விதைகளின் வழித்தோன்றல் அவை. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில பேராவின் கோலகங்சாரில் நடப்பட்டன. ஆனால் தோட்ட முதலாளிகள் யாரும் அவற்றைச் சட்டை செய்யவில்லை. காப்பிதான் அப்போது பணப்பயிர்.

மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை ரிட்லி வகுத்துக் காட்டினார். சட்டைப்பையில் ரப்பர் விதைகளை வைத்துக்கொண்டு சந்தித்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பைத்தியக்கார ரிட்லி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீன வணிகர்தான் அவரை நம்பி வணிக நோக்கில் ரப்பர் நட்டார். அதற்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிதிவண்டி மோகம் பரவி, பின்னால் மோட்டார் காரும் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும்.

அந்தப் பசிக்குப் பலியானவர்களையும் நாம் மறக்கக் கூடாது. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில் இருந்த கொங்கோவில், காட்டு ரப்பர் சேகரிக்கச் சொல்லி மக்கள் வதைக்கப்பட்டார்கள். ஒரு தந்தையின் பாசத்தில் பிறந்த பொருள், வேறு எத்தனையோ தந்தையரைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்தது. கண்டுபிடித்தவர் அதை விரும்பவில்லை என்பது உண்மை. விளைவு நடந்தது என்பதும் உண்மை.

மலாயாவில் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. 1910 வாக்கில் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. டன்லப் நிறுவனமே 1910 முதல் மலாயாவில் தோட்டங்களை வாங்கத் தொடங்கியது. அந்த மனிதர் நிறுவனத்தை விட்டு விலகி 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. தோட்டத்தில் வேலை செய்யத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் வழியாக ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து போனது. அந்தப் பாலில் பெரும்பங்கு தமிழர் கைகள் எடுத்தது.

ஆயக்கொட்டகைப் பிள்ளைகள்

வேலைக்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்பது என்றால் என்ன என்பதை நம் தோட்டத்துத் தாய்மார்களைவிட அறிந்தவர் யார்?

ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடுவது விடியற்காலையில்தான். குளிர்ந்த நேரத்தில் மரத்தின் உள்ளே அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே இருட்டோடு எழ வேண்டும். பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நடக்க வேண்டும். கைக்குழந்தை இருந்தால், தூங்கும் பிள்ளையைத் துணியோடு சுற்றித் தூக்கிக்கொண்டு முதலில் ஆயக்கொட்டகைக்குப் போக வேண்டும். அங்கே வயதான ஓர் ஆயா பல பிள்ளைகளை ஒருசேரப் பார்த்துக்கொள்வார். வரிசையாகத் தொங்கும் துணித் தொட்டில்களில் ஒன்று அழத் தொடங்கினால் மற்றவையும் சேர்ந்து அழும். தாய் அங்கே மரம் சீவி, மங்குகளில் பால் நிறையக் காத்திருந்து, பால் எடுத்து, காண்டாவில் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்துபோய் நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்போது நண்பகல் கடந்திருக்கும்.

என் பாட்டி கூலாய் வட்டாரத் தோட்டம் ஒன்றில் மரம் சீவியவர். பிள்ளை பெற்ற கொஞ்ச நாளிலேயே மறுபடி நிரைக்குப் போனதைப் பற்றி அவர் பெருமையாகவும் பேசியதில்லை, அழுதும் பேசியதில்லை. ஆயா நல்லவராக இருந்தார் என்று மட்டும் சொல்வார். அந்த ஒரு சொல்லில் எனக்கு ஒரு பெரிய உண்மை தெரிகிறது. ஒருவர் வேலையையும் பிள்ளையையும் சேர்த்துச் சமாளித்தார் என்று நாம் சொல்லும்போதெல்லாம், நம் கண்ணுக்குத் தெரியாமல் மூன்றாவது ஆள் ஒருவர் அங்கே இருக்கிறார்.

டன்லப்புக்கும் அப்படித்தான். அவர் முற்றத்தில் ரப்பர் குழாயை ஒட்டிக்கொண்டிருந்தபோது, குதிரைகளுக்கு லாடம் அடிக்கப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பிள்ளைகளின் அன்றாடத் தேவைகளைப் பார்க்க வீட்டில் மார்கரெட் இருந்தார். வரலாற்று நூல்கள் ஜானியைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு மார்கரெட்டைப் பற்றிச் சொல்வதில்லை. டன்லப்பின் அன்பு உண்மையானது. ஆனால் அந்த அன்புக்கு நேரம் ஒதுக்கிக்கொடுத்தவர்கள் வேறு பலர்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

நான் கால்நடை மருத்துவம் படிக்கப்போகிறேன் என்று சொன்னபோது, உறவினர் சிலர் கேட்ட முதல் கேள்வி தேர்ச்சி பற்றியதோ செலவு பற்றியதோ அன்று. திருமணமாகிக் குழந்தை பிறந்தபின் நடுராத்திரியில் மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போவாயா என்றுதான் கேட்டார்கள். அதே துறையில் சேர்ந்த ஆண் மாணவர்களை யாரும் அப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை. நியாயமான கேள்விதான், இருபாலரிடமும் கேட்டால் இன்னும் நியாயமாக இருக்கும்.

சட்டம் மெல்ல மாறுகிறது. 2023 ஜனவரி முதல் நம் நாட்டில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தையருக்கும் முதன்முறையாகத் தனியார் துறையில் 7 நாள் விடுப்பு சட்டமானது. ஏழு நாள் போதுமா என்றால் போதாது. ஆனால் பிள்ளை வளர்ப்பில் தந்தைக்கும் கடமை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டது ஒரு தொடக்கம். இரவு அழைப்புகளை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் மருத்துவமனைகள், நம்பிக்கையான குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள், தொட்டிலை ஆட்டவும் தெரிந்த கணவன்மார், இவையெல்லாம் சேர்ந்தால்தான் ஒரு கால்நடை மருத்துவர் நிம்மதியாகத் தாயாகவும் இருக்க முடியும். மன உறுதி மட்டும் இருந்தால் போதும் என்று மேடையில் பேசுவது எளிது. நம் பாட்டிமாருக்கு மன உறுதிக்குக் குறைவே இல்லை. அவர்களுக்குக் குறைவாக இருந்தது விடுப்பும் கூலியும்தான்.

டன்லப்பின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. அவர் வேலையையும் வீட்டையும் இரண்டு உலகங்களாகப் பிரித்து வைக்கவில்லை. வாய் பேசாத உயிர்களிடம் பழகிய கவனத்தை அப்படியே மகனிடமும் காட்டினார். ஒரு சிறுவனின் குறையைச் சிறிய குறை என்று தள்ளவில்லை. பிள்ளைகளோடு எவ்வளவு நேரம் இருந்தார் என்று நமக்குக் கணக்கு கிடைக்காது. இருந்த நேரத்தில் காது கொடுத்தார் என்பதற்குச் சான்று உலகத்தின் ஒவ்வொரு சாலையிலும் உருண்டுகொண்டிருக்கிறது.

கூலாயைச் சுற்றி இப்போது ரப்பர் மரங்கள் அதிகம் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் பல இடங்களில் போய், வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. டன்லப் நிறுவனத்தின் மலேசியத் தோட்டங்களும் 1980களின் தொடக்கத்தில் உள்நாட்டு நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டன. ஆயக்கொட்டகையில் வளர்ந்த பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று மருத்துவம், சட்டம், பொறியியல், கால்நடை மருத்துவம் என்று படிக்கிறோம்.

படிவம் ஆறிலோ மெட்ரிகுலேஷனிலோ இருக்கும் தம்பி தங்கைகளே, எந்தத் துறையைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும்போது சம்பளத்தையும் தகுதிப் புள்ளிகளையும் பாருங்கள். கூடவே அந்தத் துறையில் ஏற்கெனவே இருக்கும் ஓர் அக்காவிடமோ அண்ணனிடமோ இதையும் கேளுங்கள்: இரவில் அழைப்பு வந்தால் உங்கள் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பதில் சொல்பவரின் முகத்தையும் சேர்த்துக் கவனியுங்கள். கால்நடை மருத்துவர்கள் அப்படித்தான் நோயறிவார்கள்.